எண்ணெய் பூசிய ஏர் ஃபில்டரா, காகித ஃபில்டரா: நம் ஊர்த் தூசிக்கு எது சரி?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 45,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் பள்ளிகொண்டா வந்து நெடுஞ்சாலை ஏறி, ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார். வீட்டிலிருந்து தார்ச்சாலை வரும் வரைக்கும் உள்ள சில கி.மீ. மட்டும் மண் பாதை, அதில் கிரஷர் லாரிகள் ஓடுகின்றன. கழுவிக் கழுவித் திரும்ப மாட்டுகிற, எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டரைப் போடச் சொல்லி நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை வாங்கினால் வண்டி இருக்கும்வரை போதுமாம், மைலேஜும் பிக்கப்பும் கூடுமாம். விலை 6,000 ரூபாய். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: "எங்கள் அப்பாவின் பழைய டிராக்டரில் ஏர் ஃபில்டருக்குள் எண்ணெய்தான் ஊற்றி வைத்திருக்கிறோம். எத்தனையோ வருஷமாக அது உழவு ஓட்டுகிறது. அப்படியென்றால் தூசிக்கு எண்ணெய்தானே நல்லது?"

மேலோட்டமாகப் பார்த்தால் இது எந்த ஃபில்டர் வாங்கலாம் என்ற கேள்வி. உள்ளே மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன: தூசியை எது நன்றாகத் தடுக்கும், எது வண்டியை நன்றாக ஓடவைக்கும், எதில் காசு மிச்சம். கடைக்காரர்கள் பின்னாலுள்ள இரண்டைத்தான் பேசுவார்கள். கிரஷர் லாரிக்குப் பின்னால் தினமும் போகிறவருக்கு முதல் கேள்விதான் முக்கியம். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு முதலில் டிராக்டர் சர்வீஸில் இருந்தவன். அப்புறம் பல வருடமாக வாலாஜா பக்கம் கார், வேன் பட்டறை நடத்துகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் காருக்குக் காகித ஃபில்டரே போதும், அதுதான் நல்லதும்கூட. ஆனால் காரணம் தெரியாமல் இந்தப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரிய பயன் இல்லை. காகித ஃபில்டரைப் போட்டுக்கொண்டே எஞ்சினைக் கெடுக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்று பலர் யோசிப்பதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 740 கிராம் என்று வைத்தால், அதற்குப் 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காற்று தேவைப்படும். நம் ஊர் வெயிலில் அது சுமார் 9,500 லிட்டர் காற்று. லிட்டருக்கு 18 கி.மீ. கிடைக்கிற கார் 10,000 கி.மீ. ஓடினால் 5,000 கன மீட்டருக்கு மேல் காற்று அந்த ஃபில்டர் வழியாக உள்ளே போகும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள அறை என்றால் 180 அறைக்கு மேல் நிறைகிற காற்று அது. இதில் பெரும்பகுதி நெடுஞ்சாலைக் காற்று, அதில் தூசி குறைவு. உங்கள் வண்டிக்குள் வரும் தூசியில் பாதிக்கு மேல் அந்தச் சில கி.மீ. மண் பாதையில் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நம் பக்கத்துத் தூசியின் குணத்தையும் சொல்ல வேண்டும். வடாற்காடு முழுக்கப் பாறைக் குன்றுகள். கல்குவாரியிலும் கிரஷரிலும் பொடியாகிப் பறப்பது கருங்கல் மாவு. பாலாற்றில் 2021 நவம்பரில் வந்த மாதிரி வெள்ளம் வந்தால்தான் உண்டு, மற்ற நாளில் பெரும்பாலும் வறண்ட மணல். இந்த இரண்டிலும் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தன்மை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைச் சுலபமாகக் கீறிவிடும். பெரிய மணல் துகள் அவ்வளவு ஆபத்தில்லை, அது ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தப் படலத்தின் பருமனும் அதைவிடச் சற்று அதிகமும் இருக்கிற துகள்கள்தான் உள்ளே நுழைந்து அரைக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மாவுதான் ரிங்கைத் தேய்த்து, போர் எனப்படும் சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்து, கடைசியில் வண்டியை ஆயில் குடிக்கவும் நீலப்புகை தள்ளவும் வைக்கிறது.

காகித ஃபில்டர் எழுதுகிற காகிதம் இல்லை. ரெசின் ஊறவைத்து, பதப்படுத்தி, மடிப்பு மடிப்பாக மடித்த நார் விரிப்பு அது. மடித்திருப்பதால் சின்னப் பெட்டிக்குள் நிறையப் பரப்பு அடங்கிவிடுகிறது. சல்லடைக் கண்ணைவிடப் பெரிய துகள் மட்டும் நிற்கும் என்று நினைக்கக் கூடாது. காற்று நாருக்கு நார் வளைந்து வளைந்து போகிறது. கனமான துகள் வளைய முடியாமல் நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும், லேசான துகள் நாரை உரசிப் போகும்போது சிக்கும், மிக நுண்ணியது காற்றில் தத்தளித்து எங்காவது ஒட்டும். இன்னொன்று: பிடிபட்ட தூசியே ஒரு மெல்லிய படலமாகிப் பின்னால் வரும் தூசியைத் தடுக்கத் தொடங்கும். அதனால் புத்தம்புது ஃபில்டரைவிடச் சில ஆயிரம் கி.மீ. ஓடி லேசாக அழுக்கான ஃபில்டர் இன்னும் நன்றாக வடிகட்டும். இதைப் புரிந்துகொண்டால் வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டுகிற பழக்கம் ஏன் தப்பு என்று தெரிந்துவிடும்.

காட்டன் ஃபில்டரின் கட்டுமானம் வேறு. மருந்துக் கட்டுக்குப் போடும் துணி மாதிரியான காட்டன் வலை பல அடுக்கு, அதற்கு இரண்டு பக்கமும் கம்பி வலை, எல்லாம் சேர்த்து மடித்தது. துணியின் கண்கள் காகிதத்தைவிடப் பெரியவை. அதனால்தான் காற்று சுலபமாகப் போகிறது. தூசியைப் பிடிக்கும் வேலை, துணியில் ஊறியிருக்கிற பிசுபிசுப்பான எண்ணெயுடையது. எண்ணெய் சீராக இருந்தால் பிடிக்கும், ஒரு இடத்தில் இல்லாவிட்டால் அந்த இடத்தில் பெரிய கண் திறந்திருக்கும். இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பிய கே அண்ட் என் கம்பெனி 1969-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தோடு சேர்ந்து வளர்ந்த பெயர். நல்ல கம்பெனிகளின் தயாரிப்பு மட்டமானது என்று நான் சொல்லவே மாட்டேன். பந்தயத்துக்கு என்று பார்த்தால் அந்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது.

இப்போது எண்களுக்கு வருவோம். ஏர் ஃபில்டரைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற முறை இருக்கிறது. அளவு தெரிந்த சோதனைத் தூசியைக் காற்றோடு அனுப்பி, எவ்வளவு நின்றது, எவ்வளவு தாண்டியது என்று எடை போடுவார்கள். நல்ல காகித ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். எண்ணெய் காட்டன் வகைக்கு அதை விற்கும் கம்பெனியே சொல்வது 96 முதல் 99 சதவீதம். கேட்கும்போது ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். ஆனால் எஞ்சினுக்குக் கணக்கு, பிடித்தது இல்லை, தாண்டியது. 99.5 சதவீதம் பிடித்தால் 100 கிராம் தூசியில் அரை கிராம் உள்ளே போகும். 97 சதவீதம் என்றால் 3 கிராம் போகும், அதாவது ஆறு மடங்கு. இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தச் சதவீதம் எடைக் கணக்கு. 20 மைக்ரான் துகள் ஒன்றின் எடை 1 மைக்ரான் துகளைப் போல் 8,000 மடங்கு. பெரிய துகள்களைப் பிடித்தாலே எடைக் கணக்கில் சதவீதம் ஏறிவிடும், நுண்ணியவை எத்தனை தாண்டின என்பது அதில் அடங்கிப்போகும். அதனால் ஒரு பெட்டியில் 99 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். எந்தத் தூசியில், எந்தக் காற்றோட்டத்தில் சோதித்தது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும்.

சோதனை மேடையில் காட்டன் வகை பொதுவாக அதிகத் தூசியை விடுகிறது என்பது உறுதியான விஷயம். அதனால் உங்கள் எஞ்சின் சீக்கிரம் போய்விடும் என்பது அதே அளவு உறுதியானது அல்ல. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசுகிறவன் ஆக மாட்டேன். எண்ணெய் ஃபில்டரோடு லட்சம் கி.மீ. தாண்டி ஒழுங்காக ஓடும் கார்கள் என் பட்டறைக்கு வருகின்றன. ஒரு எஞ்சின் தேய்வதற்கு ஆயிலை நேரத்தில் மாற்றாதது, மட்டமான ஆயில், சூடேறி ஓட்டியது என்று பல காரணங்கள் கலந்திருக்கும். ரிங் தேய்ந்த ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்து, இது ஃபில்டரால் வந்தது, இது ஆயிலால் வந்தது என்று பட்டறையில் பிரிக்க முடியாது. பெரும்பாலும் சுத்தமான நெடுஞ்சாலையில் ஓடுகிற கார் என்றால் இந்த வித்தியாசம் வெளியே தெரியாமலே போகலாம். தூசி கூடக் கூட வித்தியாசத்துக்கு எடை கூடும். உங்கள் மண் பாதைதான் என்னைக் காகிதத்தின் பக்கம் நிற்கவைக்கிறது.

அப்பாவின் டிராக்டர் பற்றி. நல்ல கேள்வி அது, ஏனென்றால் நம் ஊரில் எண்ணெய்க்குத் தூசி அடங்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது. அந்தப் பழைய டிராக்டரில் இருப்பது எண்ணெய்க் குளியல் வகை. பெயரில் எண்ணெய் இருந்தாலும் வேலை செய்கிற விதமே வேறு. மேலே குடை மாதிரி ஒரு மூடி இருக்கும், அது பெரிய தூசியையும் வைக்கோல் துண்டையும் முதலில் தள்ளிவிடும். காற்று நடுக்குழாய் வழியாகக் கீழே வேகமாக இறங்கி, கிண்ணத்தில் இருக்கும் எண்ணெய்க்கு நேரே வந்து, சட்டென்று மேல்பக்கம் திரும்பும். கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் போய் விழும். காற்றோடு கொஞ்சம் எண்ணெய்த் திவலையும் மேலே கிளம்பி அங்குள்ள கம்பி வலையை நனைக்கும். மிச்சத் தூசி அந்த வலையில் ஒட்டி, எண்ணெயோடு வழிந்து திரும்பக் கிண்ணத்துக்கே வரும். தன்னைத் தானே கழுவிக்கொள்கிற ஏற்பாடு. அதனால்தான் கடைக்கோடி கிராமத்தில், ஸ்பேர் கிடைக்காத காலத்தில், உழவுப் புழுதியில் அது அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது.

ஆனால் அது வேலை செய்யக் காற்று வேகமாகப் போக வேண்டும். வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஐடிலில் மெதுவாக ஓடும்போது காற்று மெதுவாகத் திரும்பும், தூசியும் அதோடு திரும்பி மேலே போய்விடும். கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் எஞ்சினே அந்த எண்ணெயை உறிஞ்சிவிடும். டீசல் எஞ்சின் அப்படி உறிஞ்சினால் ஆக்சிலரேட்டருக்கு அடங்காமல் ஓடும், அது ஆபத்து. அடியில் சேறு படிந்தும் மாற்றாமல் விட்டால் பிடிக்கும் சக்தி போய்விடும். இந்தக் குறைகளால்தான் புது டிராக்டர்கள் பெரும்பாலும் உலர் காகித ஃபில்டருக்கு மாறிவிட்டன. வெளியே ஒரு பெரிய எலிமென்ட் (வடிகட்டும் பகுதி), அதற்குள் பாதுகாப்புக்கு இன்னொரு சின்ன எலிமென்ட், அடியில் தூசியைக் கக்குகிற ரப்பர் மூக்கு. நாள் முழுக்கப் புழுதிக்குள் வேலை செய்கிற வண்டிக்கே காகிதத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காட்டன் ஃபில்டருக்குக் கிண்ணமும் கிடையாது, தன்னைக் கழுவிக்கொள்ளும் வசதியும் கிடையாது. பூசிய எண்ணெய் எவ்வளவோ அவ்வளவுதான். டிராக்டரை வைத்து அதற்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

மைலேஜ் பேச்சு பெட்ரோல் காரில் நிற்காது. உங்கள் காரில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் பட்டாம்பூச்சி வால்வு. அழுத்தத்தைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் அளப்பார்கள், வெளியே காற்றழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். நெடுஞ்சாலையில் 80-இல் நிதானமாகப் போகும்போது அந்த வால்வு பாதிக்கு மேல் மூடியிருக்கும், அதைத் தாண்டியதும் அழுத்தம் 50, 60-க்கு இறங்கியிருக்கும். வால்வே 40 கிலோபாஸ்கல் தடுக்கும்போது, ஃபில்டரில் அரை கிலோபாஸ்கல் குறைத்து என்ன கிடைக்கப்போகிறது? ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால் நீங்கள் அறியாமலே ஆக்சிலரேட்டரைச் சற்றே கூடுதலாக மிதிப்பீர்கள், வால்வு கொஞ்சம் அதிகம் திறக்கும், எஞ்சினுக்குப் போகிற காற்று அதேதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதை நேராகவே சோதித்தது. எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள நவீன கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமானது. கார்புரேட்டர் காலத்து வண்டியில் மைலேஜ் அடி வாங்கியது உண்மை. "ஃபில்டர் சுத்தமாயிருந்தால் மைலேஜ்" என்ற பேச்சு அந்தக் காலத்து அனுபவம், அது பொய்யில்லை, காலம் மாறிவிட்டது.

பிக்கப் விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. முழுதாக மிதிக்கும்போது மட்டும் ஃபில்டரின் தடை எஞ்சினுக்குத் தெரியும். அப்போதும் 1 கிலோபாஸ்கல் குறைத்தால் ஏறக்குறைய ஒரு சதவீதச் சக்தி. 80 குதிரைசக்தி காரில் ஒன்றுகூட வராது. மாட்டியவர்கள் வண்டி பறக்கிறது என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம், காற்று இழுக்கும் சத்தம் கூடியிருப்பதுதான், அல்லது அதற்கு முன் இருந்தது அடைத்துப்போன ஃபில்டர் என்பதுதான். அடைத்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு 400 ரூபாய் புதுக் காகித ஃபில்டரை மாட்டினாலும் அதே சந்தோஷம் கிடைக்கும். பெட்டியையே எடுத்துவிட்டு கூம்பு மாதிரித் திறந்த ஃபில்டர் மாட்டுவதை மட்டும் நம் ஊரில் தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பெனி கொடுத்த பெட்டி வெளிக்காற்றை இழுக்கிறது, கூம்பு பானெட்டுக்குள் இருக்கிற சூட்டுக்காற்றை இழுக்கும். வெளியே 40 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஆறு சதவீதம் குறையும். ஒரு சதவீதம் சம்பாதிக்கப் போய் ஆறு சதவீதம் இழப்பது அது.

எண்ணெய் ஃபில்டர் சென்சாரைக் கெடுக்கும் என்பார்கள். இதில் இரண்டு பக்கமும் பிடிவாதம் உண்டு. சில கார்களில் ஃபில்டருக்குப் பின்னாலுள்ள குழாயில் சூடான மெல்லிய கம்பியோ படலமோ வைத்து, அது குளிர்கிற அளவைக் கொண்டு காற்றின் எடையை அளப்பார்கள், அது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். அதன் மேல் எண்ணெய் படிந்து, எண்ணெயில் தூசி ஒட்டினால் கணக்குத் தப்பும். இது நடக்கக்கூடியது, எண்ணெயை அள்ளிப் பூசியவர்களின் வண்டியில் சென்சாரைத் துடைத்ததும் சரியானதைப் பார்த்திருக்கிறேன். சரியான அளவு பூசினால் பாதிப்பில்லை என்று ஃபில்டர் கம்பெனிகள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை, பிரச்சினை இல்லாத வண்டிகளும் உண்டு. உங்கள் காரில் அந்த சென்சார் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் நாலைந்து ஒயர் கொண்ட கனெக்டர் செருகியிருந்தால் அது பெரும்பாலும் அதுதான். இரண்டே ஒயர் என்றால் காற்றின் வெப்பத்தை மட்டும் அளப்பது. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அழுத்தத்தை வைத்துக் கணக்குப்போடும் மேப் சென்சார்தான் இருக்கும், அதில் இந்தக் கவலை குறைவு. டீசலில், அதிலும் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசலில், நான் எண்ணெய் ஃபில்டர் பக்கமே போக மாட்டேன்.

வாழ்நாள் முழுக்க ஒன்று போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6,000 ரூபாய்க்கு 400 ரூபாய் காகித ஃபில்டர் 15 வரும். 20,000 கி.மீ.க்கு ஒன்று மாற்றினாலும் மூன்று லட்சம் கி.மீ. ஆகிவிடும். எண்ணெய் வகைக்குக் கழுவும் திரவமும் அதற்கென்று உள்ள எண்ணெயும் தனியாக வாங்க வேண்டும். கழுவுவதும் லேசான வேலை இல்லை. திரவம் தெளித்து ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகத் தண்ணீர் மெதுவாக விட்டு, நிழலில் தானாகக் காயவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு மடிப்பு மடிப்பாக எண்ணெய் விட்டு, அது ஊறிப் பரவும்வரை காத்திருந்து, வெளிறிய இடத்தில் மறுபடி விட வேண்டும். நம் பக்கம் நடப்பதோ, பெட்ரோலில் அலசி, கம்ப்ரசரில் ஊதி, கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலைத் தடவி மாட்டுவது. எஞ்சின் ஆயிலுக்கு அந்தப் பிசுபிசுப்பு கிடையாது, காற்றோடு இழுபட்டுப் போய்விடும். அப்புறம் அந்த ஃபில்டர் வெறும் வலைதான். வாரன்டி பற்றியும் ஒன்று: வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்கிற வாரன்டி பாதுகாப்பெல்லாம் அந்த நாட்டுச் சட்டம். இங்கே உங்கள் கார் கம்பெனியின் வாரன்டிப் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும்.

எண்ணெய் காட்டன் எங்கே பொருந்தும் என்றும் சொல்ல வேண்டும். பந்தய வண்டி, அடிக்கடி எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறவர்கள், முழு மிதியிலேயே ஓட்டுகிறவர்கள், எஞ்சினை மாற்றியமைத்து அதிகக் காற்று தேவைப்படுகிறவர்கள், இவர்களுக்கு அது சரியான பொருள். ஈரத்தையும் காகிதத்தைவிட நன்றாகத் தாங்கும். காகிதம் நனைந்தால் உப்பி, மூச்சடைத்துவிடும், நனைந்ததைக் காயவைத்து மாட்டக் கூடாது.

எந்த ஃபில்டர் என்பதைவிட முக்கியமாக நான் நினைக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்: அது பெட்டியில் உட்காருகிற விதம். உலகத்திலேயே சிறந்த ஃபில்டரைப் போட்டாலும் ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியில்தான் போகும். வண்டி எனக்கு வந்ததும் ஃபில்டரை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் பெட்டியின் எஞ்சின் பக்கத்துக் குழாய்க்குள் ஒரு வெள்ளை பனியன் துணியை விரலில் சுற்றி விட்டுத் துடைப்பேன். சுத்தமாக வந்தால் எந்த ஃபில்டராயிருந்தாலும் அது வேலை செய்கிறது. செம்மண் நிறத்தில் ஒரு கோடு வந்தால், அந்தப் பொடியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பேன். முகப்பவுடர் மாதிரி மெத்தென்று இருக்கும், கூடவே நறநறவென்று ஒரு உரசல் தெரியும், அதுதான் கருங்கல் மாவு. அப்புறம் கோடு எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று பின்தொடர்ந்தால் காரணம் கிடைக்கும். உடைந்த க்ளிப், சரியாக உட்காராத மூடி, டூப்ளிகேட் ஃபில்டரின் விறைத்துப்போன ரப்பர் ஓரம், க்ளாம்ப் தளர்ந்த ஹோஸ், ஹோஸின் மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். வெளியே மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் எலி ஃபில்டரைக் கடித்து அதிலேயே கூடு கட்டியிருப்பதையும் அடிக்கடி எடுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வண்டிக்காரர்கள் யாருக்கும் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. காற்று தாராளமாகப் போகிறதே, பிக்கப் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்து கம்ப்ரசர். பங்கிலும் பட்டறையிலும் ஃபில்டரை எடுத்து முழு அழுத்தத்தில் ஊதித் தருகிறார்கள். புழுதி பறப்பதைப் பார்த்தால் நமக்கும் திருப்தியாக இருக்கிறது. அந்த அழுத்தம் காகித நாரைக் கிழிக்கும், கிழிசல் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் ஃபில்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் சரி, ஊசிமுனை அளவு பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால் அழுக்குப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துத் தரையில் லேசாகத் தட்டுங்கள், அது போதும். தண்ணீர் கூடவே கூடாது. ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல ஸ்கூட்டர், பைக்குகளில் வருவது பசைத்தன்மையுள்ள எண்ணெய் ஏற்றிய காகிதம். பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும். அதைக் கம்ப்ரசரில் ஊதவே கூடாது, அந்தப் பசைதான் அதன் உயிர். கி.மீ. ஆனதும் மாற்ற வேண்டியதுதான். அழுக்காக இருக்கிறதே என்று பெட்ரோலில் கழுவி மாட்டிக் கொடுக்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் எஞ்சினுக்குக் கெடுதல்.

உங்கள் காருக்கு நான் செய்வது இதுதான். வண்டியை நேரில் பார்க்காமல் சொல்வதால், கையேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கையேட்டில் 40,000 கி.மீ.க்கு மாற்றச் சொல்லியிருந்தால் அது சாதாரணச் சாலைக்கு. தூசிச் சாலைக்குக் கீழே தனி வரி இருக்கும், நீங்கள் அந்த வரியைப் பின்பற்ற வேண்டியவர். 45,000 ஓடியும் இன்னும் முதல் ஃபில்டரே இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு 20,000-க்கு ஒருமுறை. நடுவில் 10,000 சர்வீஸில் ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மூடியிலிருந்து கொஞ்சம் தூசி சுத்தமான பக்கம் விழத்தான் செய்யும். திறக்கும் முன் பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். கம்பெனி ஃபில்டரோ, அந்தக் கார் கம்பெனிக்கே சப்ளை செய்கிற நல்ல பிராண்டோ வாங்குங்கள். கடையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மடிப்பை எண்ணிப் பாருங்கள், ஓரத்து ரப்பரை அழுத்திப் பாருங்கள். மடிப்பு கோணலாகவோ, எண்ணிக்கை குறைவாகவோ, ரப்பர் கட்டியாகவோ இருந்தால் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் வெடித்த ஹோஸும் உடைந்த க்ளிப்பும் இருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த மண் பாதையில் லாரியை ஒட்டிப் போகாமல், புழுதி அடங்குகிற தூரம் விட்டுப் போங்கள், எந்த ஃபில்டரும் செய்ய முடியாத உதவி அது. அப்பாவின் டிராக்டரில் அடுத்த உழவுக்கு முன் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் சேறு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் படிந்திருந்தால் கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து, கோடு வரைக்கும் மட்டும் புது எண்ணெய் ஊற்றுங்கள்.